எட்டு கிலோ

"மூச்சை விடுங்க, முள்ளு ஆடுது" என்றாள் மனைவி.

"விட்டாத்தான் ஆடும்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் அவள் கணவர் டன்.

குளியலறை வாசலில் வெறும் அரைக்கால் சட்டையோடு எடைக்கருவியின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை, அட்டையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. முள் ஒருவழியாக நின்றது. தொண்ணூற்று நாலு கிலோ இருநூறு கிராம். அதைக் 'காலி எடை' என்ற கட்டத்தில் எழுதிவிட்டு நேராகப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இரண்டு ரொட்டி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் டீ, ஒரு செம்புத் தண்ணீர். கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறினார்.

"தொண்ணூத்தி அஞ்சு பாயிண்ட் ஒண்ணு. சரக்கு தொள்ளாயிரம் கிராம்."

"ரெண்டு ரொட்டி தொள்ளாயிரம் கிராமா? நான் என்ன செங்கல்லா சுட்டு வெச்சேன்?"

"தண்ணி இருக்குல்ல."

"தண்ணிய யாராவது கணக்குல சேப்பாங்களா?"

"மணல்ல இருக்கிற தண்ணிக்கும் சேத்துத்தான் லாரி எடை" என்றார் டன். லாரி என்று வந்துவிட்டால் அவரிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

பத்தொன்பது வருடமாக அவர் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறார். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும், எடை. சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து ஏறும், எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் சரக்கு. இந்த ஒரு கழித்தலை வைத்தே அவர் உலகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் புதுப் பீரோ வாங்கினால் எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தலையைச் சாய்த்து, "பாயிண்ட் ஒண்ணு நாலு டன் வரும்" என்பார். டிரைவர்கள் வைத்த பெயர் 'டன்'. சொந்தப் பெயரை அவரே அரசாங்கப் படிவங்களில்தான் பார்ப்பது.

அப்படிப்பட்டவர் தன்னையே லாரியாக்கி மேடையேற்றியதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டு ஒரு வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடும் டயாலிசிஸ் இயந்திரத்தோடு அவளைக் கட்டிப்போட்டார்கள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள். பரிசோதித்துப் பார்த்ததில் பொருந்தியது தம்பியுடையது மட்டும்தான்.

கொடுக்கிறேன் என்று அவரும் உடனே சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் மறுபடி ரத்தம் எடுக்க ஊசியோடு நர்ஸ் வந்தாள். முதல் பரிசோதனையில் கண்ணை மூடிக்கொண்டு தப்பித்தவர், இந்தத் தடவை ஊசியைப் பார்த்ததும் சாய்ந்தார். சாய்ந்தவர் சும்மா சாயாமல் நர்ஸின் தட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு சாய்ந்தார். தூக்கிக் கட்டிலில் போட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கண் விழித்தபோது அக்கா பக்கத்தில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, அவருடைய தலையைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டர் அவரைக் கூப்பிட்டு, கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தபடியே சொன்னார்: "மத்ததெல்லாம் பொருந்துது. எடைதான் அதிகம். எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

சொல்லவே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் டன்னுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை, எட்டு கிலோ குறைகிற வரைக்கும் கத்தி இல்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே அருவருப்பு வந்தது. இந்த அக்காதான் அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவருக்குத் தலை சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். அவள் சாகக் கிடக்கும்போது கிடைத்த ஒத்திவைப்பில் குளிர்காய்கிறோமே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எடைக்கருவியைத் தூசி தட்டி எடுத்து, சுவரில் அட்டையைத் தொங்கவிட்டார்.

தண்ணீரும் சரக்குதான் என்று முடிவான பிறகு, சரக்கைக் குறைக்கச் சுலபமான வழியும் அதுதான் என்று தெரிந்தது. ஒரு செம்பு அரைச் செம்பாயிற்று. பிறகு இரண்டு மடக்காயிற்று. அட்டையில் தொள்ளாயிரம் ஐநூறாக இறங்கியது. நாலாம் நாள் எடைமேடைப் படிக்கட்டில் இறங்கும்போது அவரும் இறங்கினார், படிகளைத் தொடாமல். ஜல்லி லாரி டிரைவர் ஒருவர்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். உதட்டில் விழுந்த தண்ணீரை நக்கியபடி டன் கேட்டார்: "எவ்வளவு தெளிச்சீங்க?"

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். இளம்பெண். அவள் அறையில் எடைக்கருவியே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"கிட்னி கொடுக்கப் போறவர் தண்ணி குடிக்காம இருந்தீங்களா?"

"சரக்கு குறைஞ்சுதும்மா."

"நீங்க குறைஞ்சீங்களா?"

டன் யோசித்தார். "இல்ல."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பதினோரு நாள், நாளுக்கு ஐந்து வேளை, வேளைக்கு மூன்று கட்டம். பொறுமையாக நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். டன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ஒண்ணும் எழுதாதீங்க. தட்டுல பாதி காய் இருக்கட்டும். பசிச்சா சாப்பிடுங்க, வயிறு போதும்னு சொன்னா எந்திரிச்சுடுங்க. தினமும் நடங்க. வாரத்துல ஒரு நாள், ஒரே ஒரு தடவை எடை பாருங்க. மத்த நேரத்துல இதை மறந்துட்டு உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையே எடை பாக்கறதுதாம்மா."

"லாரியப் பாருங்க."

"வயிறு போதும்னு சொல்றது எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லும். இதுவரைக்கும் நீங்க காது கொடுக்கல, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி எடைக்கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறப்பு என்று அறிவித்தாள். திங்கள் ஓடியது. செவ்வாய் ஊர்ந்தது. புதன்கிழமை காலை, மேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து, அறுபது டன் தாங்கும் எடைமேடையின் நட்டநடுவில் டன் தன்னந்தனியாகப் போய் நின்றார். அறைக்குள் ஓடிவந்து திரையைப் பார்த்தார். அவர் இறங்கிவிட்டதால் சுழியம். ஜல்லி லாரி டிரைவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு மறுபடி ஓடினார்.

"தொண்ணூறு" என்று கத்தினார் டிரைவர்.

நாலு கிலோ காணாமல் போயிருந்தது. எடைமேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். தொண்ணூற்று நாலையும் அது தொண்ணூறு என்றுதான் சொல்லும். பத்தொன்பது வருடமாக அதைக் கட்டி மேய்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்று காலை முழுவதும் அவர் அதைத் தெரியாதவராகவே இருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினார்.

"நூறு" என்றார் டிரைவர். "அண்ணே, அப்படி என்னதான் சாப்பிட்டீங்க?"

நூறை மறந்துவிட்டுத் தொண்ணூறை மட்டும் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி தைப்பவள். அளவு மாறிய உடுப்புகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதுதான் முக்கியமான வேலை. கல்யாணமான நாளிலிருந்து தம்பியின் கால்சட்டை இடுப்பை வருடத்துக்கு ஒரு தடவை அகலப்படுத்திக் கொடுப்பவளும் அவள்தான். ஜன்னலோரமாக மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. பக்கத்தில் ஓர் அரை லிட்டர் பாட்டில். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று விதிக்கப்பட்ட தண்ணீர் மொத்தமும் அதுதான்.

"நாலு கிலோ இறங்கிடுச்சுக்கா. இன்னும் பாதிதான்."

அக்காவின் கால் மிதிப்பதை நிறுத்தியது. "நெசமாவா?"

"எடைமேடையிலேயே பாத்தேன்."

"ஓ, எடைமேடையிலயா" என்றாள். முகம் தெளிந்தது. எட்டி ஒரு டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எண்ணெயில் வறுத்த கடலை, மேலே சர்க்கரை தடவிய பிஸ்கட். "சாப்பிடு. வாடிப் போயிட்ட."

"அக்கா, நான் குறைச்சுக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. எண்ணிக்கிட்டுச் சாப்பிட்டா உடம்புல ஒட்டாது."

ஒட்டக் கூடாது என்பதுதானே விஷயம் என்று அவர் சொல்வதற்குள் கை டப்பாவுக்குள் போய்விட்டது. பதினேழு கடலை. எண்ணாமல் இருக்க முடியவில்லை. அக்கா பாட்டிலைத் திறந்து உதடு நனையும் அளவுக்கு ஒரு வாய் குடித்து மூடினாள்.

"நீ எப்படிக்கா சமாளிக்கற? எங்கயாவது எழுதி வெச்சுக்கறியா?"

"இதுல எழுத என்ன இருக்கு? பாட்டில் காலியானா அன்னிக்கு முடிஞ்சுது. நடுவுல யாராவது துணி கொண்டுவந்தா அதைப் பாப்பேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "டேய், உன்னால முடியலேன்னா விட்டுடு. உன்னை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. டாக்டரே எடை அதிகம்னு சொன்னதுதானே."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னால் முடியாது என்று அக்காவே முடிவுகட்டிவிட்டாளே என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் இன்னும் ஆறு கடலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அலமாரி திறந்தது. தொண்ணூற்று நாலு கிலோ அறுநூறு. டன் எடைக்கருவியை விட்டு இறங்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மனைவிக்கு மனசு இளகியது.

"எண்ணாம இருக்க உங்களால முடியல. சரி, எண்ணுற வேலைய என்கிட்ட விட்டுடுங்க. நீங்க தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்க, எவ்வளவுன்னு நான் பாத்துக்கறேன்."

நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. எடைமேடையில் டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லா? ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். காலி எடைக்கு டிரைவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார், சரக்கு எடைக்கு நைசாக இறங்கிக்கொள்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஏமாந்திருக்கிறார்.

"இந்தச் சோறு எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

"எந்தக் கரண்டி? தலை தட்டியா, கோபுரமாவா?"

"கரண்டிதான். சாப்பிடுங்க."

"எடுத்துட்டு வா, பாக்கறேன்." கரண்டி வந்தது. "இதை வெறுமையா எடை போட்டியா? காலி எடை இல்லாம எப்படிச் சொல்ற? நேத்து என் தட்டுலேர்ந்து ஒரு துண்டு காரட் எடுத்தியே, அதைக் கழிச்சியா?"

மனைவி கரண்டியை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல் மெதுவாக வைத்ததில்தான் அவருக்குப் பயம் வந்தது.

"உங்களுக்கு நான் பொண்டாட்டியா, லாரி ஆபீஸா?"

அன்றிலிருந்து தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அலமாரியும் திறக்கவில்லை; கேட்கும் தைரியம் அவருக்கும் இல்லை.

எழுதவும் கூடாது, எண்ணிச் சொல்ல ஆளும் இல்லை என்றாகிவிட்டது. மீதி இருந்தது மண்டை ஒன்றுதான். காலையில் சாப்பிட்டதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவார். ரொட்டி ஒண்ணு, முட்டை வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய் எட்டுத் துண்டு. யாராவது குறுக்கே பேசினால் அறுந்துவிடும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். லாரி வரும், எடை போடுவார், சீட்டுக் கொடுப்பார், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்த டிரைவர்கள் பக்திமான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜல்லி லாரி டிரைவர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"அண்ணே, காலைல நான் என்ன ஏத்திட்டுப் போனேன்?"

"ஜல்லி."

"சீட்டைப் படிங்க."

டன் படித்தார். எடை சரி, வண்டி எண் சரி. சரக்கு என்ற இடத்தில் அவருடைய கையெழுத்திலேயே 'வெள்ளரிக்காய்' என்றிருந்தது.

"பதினெட்டு டன் வெள்ளரிக்காய்" என்றார் டிரைவர். "செக்போஸ்ட்ல தார்ப்பாயை அவுத்துட்டு, 'எங்கய்யா வெள்ளரிக்காய்'ங்கறான். ஜல்லி சார்னு சொன்னேன். 'அப்ப வெள்ளரிக்காயை எங்க எறக்கின'ங்கறான். ரெண்டு மணி நேரம். கடைசில நான்தான் திருடின வெள்ளரிக்காயை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கேன்னு எனக்கே தோணிடுச்சு."

முதலாளி வந்தார். மூன்று நாள் சீட்டுகளின் நகல்களையும் வரவழைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்றில் அவர் நாக்கு நின்றது.

"சிமென்ட் லாரி. சரக்கு: முட்டை, வெள்ளைக்கரு மட்டும்." கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு டன் வெள்ளைக்கரு. மஞ்சள்கருவை என்ன பண்ணீங்க?"

"வீட்டுல வெச்சுட்டேன்" என்றார் டன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

முதலாளி அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவைத் தானே உருவிக்கொண்டார். பத்தொன்பது வருட விசுவாசத்துக்காக வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழே நின்று லாரிகளை மேடையில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தார்ப்பாயைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார். காகிதம் இருக்கும் இடத்தில் தலையைக் காட்டக் கூடாது என்று உத்தரவு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு லாரி. ஒவ்வொன்றுக்கும் அறுபது அடி அந்தப் பக்கம், அறுபது அடி இந்தப் பக்கம், குனிந்தால் நாலு கட்டை, நிமிர்ந்தால் புழுதி. முதல் வாரம் அவமானத்தில் அழுதார். சாப்பிட்டதை நினைவில் வைக்கக்கூட இடம் இல்லாத அளவுக்கு உடம்பு வலித்தது.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, அக்கா தையல் மெஷினிலேயே சாய்ந்துவிட்டாள். துணி வாங்க வந்தவர்கள்தான் பார்த்தார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றது ஆஸ்பத்திரி. முகத்தில் குழாயோடு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். தையல்காரியின் விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டே இருந்தன.

அடுத்த ஐந்து வாரமும் டன் வாழ்ந்ததாகவே அவருக்கு நினைவில்லை. விடிந்தால் ஆஸ்பத்திரி, அங்கிருந்து லாரி, வேலை முடிந்தால் மறுபடி ஆஸ்பத்திரி. வார்டு நாலாவது மாடியில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். மருந்துக்குக் கீழே, ரத்தத்துக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே. பசித்தபோது பையில் மனைவி வைத்ததைத் தாழ்வாரத்தில் நின்றபடி சாப்பிட்டார். பாதியில் யாராவது கூப்பிட்டால் மூடி வைத்தார். என்ன சாப்பிட்டோம் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார்.

ஒரு நாள் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "இனிமே ரொம்ப நாள் தள்ள முடியாது. உங்க தம்பி..."

"அவனுக்கு இன்னும் எட்டு கிலோ ஆகல டாக்டர்" என்று குழாய்க்குள்ளிருந்து அக்கா முந்திக்கொண்டாள். டாக்டர் டன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டன் தரையைப் பார்த்தார். அக்கா கிடக்கிற கிடையில் தன் கையாலாகாத்தனத்துக்கு அவளே வக்காலத்து வாங்கவேண்டியிருக்கிறதே என்று கூசியது.

கொஞ்சம் தேறி அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிய கால்சட்டையோடு அவர் போய் நின்றார். "கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் கொடுக்கா. வேலை செய்யும்போது நழுவுது."

அக்கா டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு ரத்தம் எப்போதுமே குறைவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"டேப் நைஞ்சு போச்சு" என்றாள். "மெஷினும் சரியில்ல, அப்புறம் பாக்கலாம். ஏண்டா, நீ ஒழுங்கா சாப்பிடறதே இல்லையா?"

ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று அவர் எண்ணினார். பாவம், யாருக்குத்தான் பயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தானாகவே அலமாரியைத் திறந்தாள். எடைக்கருவியைக் குளியலறை வாசலில் வைத்தாள். டன் ஏறினார். முள் ஆடி நின்றது.

"எண்பத்தி அஞ்சு பாயிண்ட் எட்டு" என்றாள் அவள். இரண்டு மாதத்தில் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். "எண்பத்தி ஆறுக்கு வந்தா போதும்னாங்க."

அவர் சந்தோஷப்பட வேண்டும். அதற்குத்தானே அட்டை, கரண்டி, வெள்ளரிக்காய் எல்லாம். ஆனால் நின்ற முள் மறுபடி ஆடத் தொடங்கியது. எட்டு கிலோ இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, அவருக்கும் கத்திக்கும் நடுவே. இத்தனை நாள் எண்ணியதெல்லாம் குறைப்பதற்காகவா, எண்ணிக்கொண்டே இருந்தால் நாள் தள்ளும் என்பதற்காகவா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கு."

"எனக்கும்தான்."

"ஊசியப் பாத்தா திரும்பவும் விழுவேன்."

"விழுங்க. இப்ப தூக்க ரெண்டு பேர் போதும்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. மறைக்கவில்லை. "நாளைக்குப் போயிடறேன்" என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கருவியில் எடை பார்த்து, முத்திரை போட்ட சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். எண்பத்தைந்து கிலோ தொள்ளாயிரம். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையை வைத்தபடி டயாலிசிஸ் அறைக்குப் போனார். எட்டுக் கட்டில்கள், எட்டு இயந்திரங்கள், ரத்தம் சுற்றும் மெல்லிய இரைச்சல். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். போன வாரத்தைவிட இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். வேறொருவரின் துணியை உடுத்தியது போல உடம்பு உடைக்குள் தொலைந்து கிடந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. நர்ஸிடம் போனார். அன்று ஊசியோடு வந்து அவரிடம் தட்டைப் பறிகொடுத்தவள் அவள்தான்.

"சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?"

"பத்தரை ஆகும். என்ன விஷயம்?"

சீட்டைப் பிரித்து நீட்டினார். குரல் நடுங்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "எட்டு கிலோ ஆச்சு. நூறு கிராம் கூடவே ஆச்சு. இன்னிக்கே தேதி குறிச்சுடச் சொல்லுங்க. நாளைக்குன்னா எனக்கு மறுபடி பயம் வந்துடும்."

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"நீங்க ஒரு கிராம்கூடக் குறைச்சிருக்க வேண்டாம் சார், அன்னிக்கே எடுத்திருக்கலாம், 'என் தம்பி பயந்து சாகறான், வேணாம்னு வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான், அவனால முடியாத காரணம் ஒண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பிடுங்க'ன்னு உங்க அக்காதான் கையப் பிடிச்சுக் கெஞ்சினாங்க, டாக்டர் அஞ்சு கிலோன்னு சொல்லலாம்னாரு, அவங்கதான் அஞ்சுன்னா எனக்காக எப்படியாவது குறைச்சுட்டு வந்துடுவான், எட்டுன்னு சொல்லுங்கன்னாங்க."